கடலில் இறங்காத கடற்கரைக்காரர்கள்

ஜனவரி மாதத்தில் கடல் குளியலுக்காக நார்த் மிர்ட்டில் பீச்சுக்குப் போகிறவர்கள் குறைவு. தென் கரோலினாவின் இந்தக் கடலோர நகரத்தில் அப்போது பகலில் 13, 14 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்ல நாள் என்று அர்த்தம். தண்ணீர் அதைவிடச் சில்லென்று இருக்கும். கனடாவிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த சிலர் மட்டும் அரைக்கால் சட்டையோடு மணலில் நடப்பார்கள். அவர்களுக்கு இதுவே கோடை. ஐஸ்கிரீம் கடைகளில் பாதி மூடியிருக்கும். விடுதிகள் கேட்காமலே விலையைக் குறைக்கும்.

ஆனால் அந்த மாதத்தில் ஒரு வார இறுதி மட்டும் மெயின் ஸ்ட்ரீட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. காரிலிருந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். தோளில் ஒரு சின்னப் பை தொங்கும். உள்ளே தோல் அடி வைத்த ஷூ. அதைத் தெருவில் போட்டு நடக்க மாட்டார்கள். மணல் துகள் ஒன்று ஒட்டினாலும் மரத்தளத்தில் கால் சறுக்காது, கீறும்.

இவர்கள் ஆட வந்தவர்கள். ஆடுவது கரோலினா ஷாக். ஸ்விங் குடும்பத்து ஜோடி நடனம் இது. ஹார்லெமின் லிண்டி ஹாப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. அக்காள் காற்றில் தூக்கி எறிவாள், குதிப்பாள், வியர்த்துக் கொட்டுவாள். தங்கை அப்படியில்லை. நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது தட்டுகள் விழும் நிதானமான ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுக்கு, தரையிலிருந்து அதிகம் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போவாள்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். உண்மையில் அவர் ஒருவர்கூட இல்லை, அந்தத் தெருவில் நடப்பவர்களில் பலரைச் சேர்த்துப் பிசைந்த ஆள். வட கரோலினாவின் சார்லட் நகரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தேழு. இடது முழங்காலில் உறை. சார்லட்டிலிருந்து கடற்கரைக்கு நான்கு மணி நேர கார்ப் பயணம். பெட்டியில் நீச்சலுடை கிடையாது. ஷூ மட்டும் மூன்று ஜோடி.

அவருடைய விடுமுறைக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு, அது கிட்டத்தட்ட அலுவலக ஒழுங்கு. காலையில் தாமதமாக எழுந்து, பான்கேக் கடையில் நீளமாக உட்கார்ந்து, போன வருடம் யார் வந்தார்கள், இந்த வருடம் யாரைக் காணோம் என்று கணக்கெடுப்பு. மதியத்துக்கு மேல் முதல் கிளப். சாயங்காலம் அறைக்கு வந்து காலை நீட்டிப் பனிக்கட்டி ஒத்தடம். இரவு மறுபடி கிளப், நள்ளிரவு வரை. இந்த நாட்களில் அவர் கடலைப் பார்ப்பது எப்போதாவது கிளப்பின் பின்பக்கக் கண்ணாடி வழியாகத்தான்.

கிளப்புகள் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. ஃபேட் ஹெரால்ட்ஸ், டக்ஸ், பைரேட்ஸ் கோவ், கடலை ஒட்டிய ஸ்பானிஷ் கேலியன் எல்லாமே நடந்துபோகும் தூரம். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் உறுப்பினர் அட்டை ஒன்று இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும். அட்டையைத் தருவது எஸ்.ஓ.எஸ்., அதாவது சொசைட்டி ஆஃப் ஸ்ட்ராண்டர்ஸ் என்ற அமைப்பு. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று இரண்டு பெரிய கூடுகைகளை இவர்கள் நடத்துகிறார்கள். ஜனவரியில் நடப்பது சின்னது. பெரிய கூடுகைகளுக்கு வேடிக்கை பார்க்கிறவர்களும் வருவார்கள். ஜனவரிக்கு ஆடுகிறவர்கள் மட்டும் வருவார்கள் என்பது பழைய உறுப்பினர்களின் பெருமைப் பேச்சு. அதில் உண்மை இருக்கும் என்றே தோன்றுகிறது. அந்தக் குளிரில் வேறு எதற்கு வர?

ஃபேட் ஹெரால்ட்ஸ் என்ற பெயருக்குரியவர் ஹெரால்ட் பெசன்ட். 2015-ல் இறந்தார். ஷாக்கின் ராஜா என்று அவரை அழைத்தார்கள். ராஜா ஆட்டத்தில் எல்லாரையும் மிஞ்சியவர் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு நல்ல மரத்தளம், நல்ல பாட்டு, உள்ளே வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு ஆள், இந்த மூன்றையும் பல பத்தாண்டுகள் விடாமல் கொடுத்ததற்கான பட்டம் அது. ஒரு நடனம் உயிரோடு இருக்க நடனமணிகள் மட்டும் போதாது, கடைக்காரரும் வேண்டும்.

ஆட்டத்தின் அடிப்படை ஆறு எண்ணிக்கை, எட்டு அடி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி அடி, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இன்னொன்று. ஐந்தில் பின்னால் சாய்ந்து ஆறில் முன்னால் வருவது. ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகுதான் கஷ்டம். இடுப்புக்கு மேலே ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்க வேண்டும். தோள் ஆடக் கூடாது, தலை குலுங்கக் கூடாது. ஒரு கையில் பீர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆடுவதுதான் பழைய ஆட்டக்காரர்கள் வைத்துக்கொண்ட பரீட்சை. கீழே கால்கள் மட்டும் தனி உலகத்தில் இருக்கும். பூகி வாக், டக் வாக், பெல்லி ரோல் என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு பெயர். எதிரெதிரே நின்று இருவரும் ஒரே அடியைக் கண்ணாடிப் பிம்பமாகப் போடும்போது பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இதில் ஒரு விநோதம் உண்டு. பெரும்பாலான ஜோடி நடனங்களில் பெண்ணைச் சுழற்றி அழகு காட்டுவது ஆணின் வேலை. அவன் சட்டம், அவள் படம். ஷாக்கில் ஆணின் கால்களும் அதே அளவு கவனத்தைக் கேட்கும், பல நேரம் அதிகமாகவே. கடற்கரை உயிர்காப்பாளர்களும் கல்லூரிப் பையன்களும் ஒருவருக்கொருவர் சவால் விட்டு வளர்த்த ஆட்டம் என்பதால் அந்த வீறாப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுபது வயதுக்காரர், சாக்ஸ் இல்லாமல் லோஃபர் போட்டுக்கொண்டு, ஜோடியின் கையை லேசாகத் தொட்டபடி தன் பாதங்களையே ரசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர் ஆடி முடிக்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

நார்த் மிர்ட்டில் பீச் என்று ஒரு நகரம் 1968 வரை இல்லை. ஓஷன் டிரைவ், கிரெசன்ட் பீச், செர்ரி குரோவ், விண்டி ஹில் என்ற நான்கு சின்னக் கடற்கரை ஊர்களை அந்த ஆண்டு ஒன்றாக இணைத்தார்கள். ஆட்டக்காரர்கள் இன்னும் ஓ.டி. என்றுதான் சொல்வார்கள், இணைப்பு நடந்ததை அவர்கள் ஏற்றுக்கொள்ளவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோடைகளில் ஓஷன் டிரைவின் திறந்த மண்டபங்களில் ஜூக்பாக்ஸ் ஓடும், இளைஞர்கள் ஆடுவார்கள். 1954 அக்டோபர் 15 அன்று ஹேஸல் புயல் இரண்டு கரோலினாக்களின் எல்லைக்கருகே கரையேறியது. நான்காம் வகைச் சூறாவளி. அந்தக் கடற்கரையோரம் இருந்த மண்டபங்களில் பல அன்றைக்கே போயின. பிறகு கட்டியவை வேறு. அறுபதுகளின் கடைசியில் ராக் வந்தது, எழுபதுகளில் டிஸ்கோ வந்தது. ஆடியவர்கள் கல்யாணம் செய்துகொண்டு, வீட்டுக் கடன் வாங்கி, உள்நாட்டு ஊர்களில் குடியேறி, கால்களை மறந்தார்கள்.

1980-ல் ஜீன் லாஃப்டர் என்பவர் அந்தப் பழைய கடற்கரைக் கும்பலை ஒருமுறை ஓ.டி.யில் கூட்டிப் பார்க்கலாம் என்று அழைப்பு விடுத்தார். வந்த கூட்டம் அவர் கணக்குக்குள் அடங்கவில்லை. எஸ்.ஓ.எஸ். பிறந்த கதை இதுதான். நான்கு ஆண்டு கழித்து, 1984-ல், தென் கரோலினா ஷாக்கைத் தன் மாநில நடனமாக அறிவித்தது. அதே ஆண்டு மிர்ட்டில் பீச்சில் தேசிய ஷாக் போட்டியும் தொடங்கியது. 1989-ல் ஹாலிவுட் 'ஷாக்' என்றே ஒரு படம் எடுத்தது. வட கரோலினா 2005 வரை யோசித்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு பட்டம் கொடுத்தது. மெயின் ஸ்ட்ரீட்டின் நடைபாதையில் இன்று ஆட்டக்காரர்களின் பெயர்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. நம் சார்லட்காரர் அவற்றின் மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு நடப்பார்.

இங்கே கதையை முடித்தால் அது ஒரு சுற்றுலாத் துண்டறிக்கையாகிவிடும். அந்த நடைபாதைப் பெயர்களின் வரிசையைப் படிக்கிறவருக்கு இந்த நடனம் எங்கிருந்து வந்தது என்பது புரியாது.

1930-களில் இருந்து தொடங்க வேண்டும். தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில் கைவிடப்பட்ட யூதத் தொழுகைக் கூடம் ஒன்று கறுப்பினத்தவரின் இரவு விடுதியாக மாறியிருந்தது. பெயர் பிக் ஆப்பிள். 1936-ல் வெள்ளைக் கல்லூரி மாணவர்கள் சிலர் உள்ளேயிருந்து வரும் இசையைக் கேட்டு வண்டியை நிறுத்தினார்கள். அவர்களுக்கு மாடத்தில் இடம் கிடைத்தது, ஆளுக்கு 25 சென்ட். மேலே இருந்து பார்த்தார்கள், ஆட்டம் நிற்காமலிருக்க ஜூக்பாக்ஸுக்குச் சில்லறையை வீசினார்கள், பார்த்ததைத் தங்கள் கூடங்களில் ஆடிப்பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அந்த ஆட்டம் நியூயார்க்கின் ராக்ஸி அரங்க மேடையில் இருந்தது. ஏறியவர்கள் மாணவர்கள். கீழே ஆடியவர்கள் கொலம்பியாவிலேயே இருந்தார்கள்.

கடற்கரையிலும் இதே ஏற்பாடுதான், மாடம் மட்டும் இல்லை. வட கரோலினாவின் கரோலினா பீச் வெள்ளையருக்கு. அதன் பக்கத்திலேயே ஸீப்ரீஸ் கறுப்பினத்தவருக்கு. சிக்கன் ஹிக்ஸ் என்று எல்லாரும் அழைத்த ஒரு வெள்ளை இளைஞர் நாற்பதுகளில் ஸீப்ரீஸுக்குப் போய்வந்தார். அங்கே கேட்ட இசைத்தட்டுகள் வெள்ளையர் பக்கத்து ஜூக்பாக்ஸிலும் ஏற அவரும் ஒரு காரணம். அன்றைய வெள்ளை வானொலிகள் அந்தப் பாட்டுகளைத் தொடாது. 1951-ல் டாமினோஸ் குழுவின் 'சிக்ஸ்டி மினிட் மேன்' கறுப்பினத்தவர் பாட்டுப் பட்டியலின் உச்சியில் பதினான்கு வாரம் இருந்தபோதும், ஆபாசம் என்று பல நிலையங்கள் கைகழுவின. ஜூக்பாக்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பின்னாளில் 'பீச் மியூசிக்' என்று பெயர் பெற்றுத் தென் கரோலினாவின் மாநில இசையாகவே ஆன வகை, பெரும்பாலும் கடற்கரைக்கே அனுமதிக்கப்படாதவர்கள் பாடியது.

மிர்ட்டில் பீச்சில் அதற்கு ஒரு முகவரி உண்டு: கார்வர் ஸ்ட்ரீட். 'தி ஹில்' என்று அழைக்கப்பட்ட கறுப்பினத்தவர் குடியிருப்பு. அங்கே சார்லி ஃபிட்ஸ்ஜெரால்ட் நடத்திய விடுதிக்கு விஸ்பரிங் பைன்ஸ் என்று பெயர். ஊரார் சார்லிஸ் பிளேஸ் என்பார்கள். பில்லி ஹாலிடே, கவுன்ட் பேஸி, லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்கள் வந்து போன இடம். வெள்ளையர் ஓட்டல்களில் வாசித்துவிட்டு அங்கேயே தங்க அனுமதியில்லாத இசைக் கலைஞர்களுக்கு சார்லியின் கொல்லைப்புற மோட்டலில் அறை இருந்தது. வெள்ளை இளைஞர்கள் அங்கே வந்தார்கள். முதலில் பார்க்க, பிறகு கற்க, பிறகு சேர்ந்து ஆட. சார்லி யாரையும் வாசலில் நிறுத்தவில்லை.

1950 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை இரவு. வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளானின் கார்கள் வரிசையாகத் தி ஹில்லைச் சுற்றி மிரட்டிவிட்டுப் போயின. திரும்பி வந்தால் ரத்தம் சிந்தும் என்று சார்லி காவல்துறைக்குச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தார்கள். விடுதியை நோக்கி நூற்றுக்கணக்கான குண்டுகள் சுட்டார்கள், தட்டுமுட்டுகளை உடைத்தார்கள், ஜூக்பாக்ஸையும் விடவில்லை. சார்லியைக் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய் அடித்து, காதைச் சிதைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சண்டையில் க்ளான் ஆள் ஒருவர் குண்டு பட்டு இறந்தார். மருத்துவமனையில் வெள்ளை அங்கியைக் கழற்றியபோது உள்ளே இருந்தது காவலர் சீருடை. பக்கத்து ஊரான கான்வேயின் போலீஸ்காரர். கைதுகள் நடந்தன. தண்டனை யாருக்கும் இல்லை. அடி வாங்கிய சார்லியைத்தான் பாதுகாப்பு என்ற பெயரில் சிறையில் வைத்திருந்தார்கள்.

அவர் வெளியே வந்து தொழிலைத் தொடர்ந்தார், 1955-ல் இறந்தார். விடுதிக் கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. மோட்டலின் ஒரு பகுதி மிஞ்சியது. அதை நகராட்சியும் அப்பகுதி மக்களும் சேர்ந்து சீரமைத்து நினைவிடமாக்கியிருக்கிறார்கள். மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து காரில் போனால் அரை மணி நேரத்துப் பாடு.

நம் ஆள் அங்கே போயிருக்கிறாரா? அவரைப் போன்றவர்களில் சிலர் போகிறார்கள், பலர் போவதில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்கள் நினைவில் இந்த நடனம் தங்கள் பதினாறாவது வயதில் தொடங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் பதினாறு வயதில் அவர்கள் யார் பாட்டுக்கு, யார் அடியைப் போட்டு ஆடினார்கள் என்பதைக் கேட்காமல் எழுபது வரை வந்துவிட முடிகிறது என்றால், அதற்கு ஊரின் வரைபடமும் உதவுகிறது.

வரைபடம் என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. கிரெசன்ட் பீச்சுக்கும் விண்டி ஹில்லுக்கும் நடுவில் அட்லாண்டிக் பீச் என்று நான்கே தெரு அளவுள்ள ஊர் ஒன்று இருக்கிறது. 1934-ல் ஜார்ஜ் டைசன் என்ற கறுப்பினத் தொழிலதிபர் வாங்கிய நிலம்; தெற்கின் கடற்கரைகளில் கால் வைக்க முடியாத கறுப்பினக் குடும்பங்கள் கடலில் குளிக்க வந்த இடம். பிளாக் பேர்ல் என்பது அதன் செல்லப்பெயர். இனப் பிரிவினைக் காலத்தில் எல்லையைக் காட்டக் கயிறு கட்டியிருந்தார்கள், அது தண்ணீருக்குள்ளும் போனது. 1968-ல் சுற்றியிருந்த ஊர்கள் இணைந்தபோது அட்லாண்டிக் பீச் சேரவில்லை. இன்றும் தனி ஊர். கடலோரச் சாலை இருபுறமும் அதன் எல்லையில் முட்டி நின்றுவிடும். சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இருபுறமும் அடுக்குமாடி விடுதிகள், நடுவில் தாழ்ந்த கூரைகள். காரை ஓட்டிக்கொண்டு போனாலே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விடுமுறை முடிகிறது. நான்கு மணி நேரத்தில் சார்லட், துவைக்க வேண்டிய துணி, பூனைக்குச் சாப்பாடு, திங்களன்று முழங்கால் மருத்துவர்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு. ஷாக் இத்தனை ஆண்டுகள் நின்றதற்குக் காரணம் கடற்கரை இல்லை, இந்த வகுப்புகள்தான். இரண்டு கரோலினாக்களிலும் வர்ஜீனியா, ஜார்ஜியா பக்கமும் உள்நாட்டு ஊர்களில் ஷாக் கிளப்புகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஒரு கூட்டமைப்பு கூட உண்டு. முன்னாள் படைவீரர் சங்கக் கூடமோ, பழைய உணவகத்தின் பின்னறையோ, வாரம் ஒரு இரவு வாடகைக்கு. முதல் ஒரு மணி நேரம் புதியவர்களுக்குப் பாடம், பிறகு இசைத்தட்டு போடுகிறவர் வருவார். மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவருவது, டிசம்பரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பொம்மை திரட்டுவது, ஆண்டுக்கு ஒருமுறை செயலாளர் பதவிக்கு யாரும் முன்வராமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்று சங்க வாழ்க்கைக்கு உரியதெல்லாம் அங்கே உண்டு.

நம் சார்லட்காரர் அங்கே பொருளாளர். கூட வாழ்ந்தவர் போன பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் நீளம். மகள் வற்புறுத்தி அனுப்பிவைத்தாள். போன முதல் இரவு மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்; இரண்டாம் வாரம் யாரோ கையை நீட்டினார்கள். இந்தக் கிளப்புகளில் பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு, அதனால் இப்போது அவரே ஆண் பக்க அடிகளையும் கற்றுக்கொண்டு வழிநடத்துகிறார். அவருடைய பாட்டி தலைமுறைக்கு இது வாய் பிளக்கும் விஷயமாக இருந்திருக்கும். இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை. தளத்தில் ஒரு ஜோடி குறையக் கூடாது, அது போதும்.

வாரநாள் ஆட்டத்துக்கும் கடற்கரை ஆட்டத்துக்கும் நடுவில் சமையலறை ஆட்டம் ஒன்றும் இருக்கிறது. இருக்கை முனையைப் பிடித்துக்கொண்டு, சோறு வேகும் நேரத்தில் ஐந்தாம் எண்ணிக்கையைச் சரிசெய்வது. பத்து வயதுப் பேத்தி அதைப் பார்த்து எண்ணிக்கை தப்பென்று திருத்துவாள். அவள் கைபேசிக் காணொளியில் கற்றவள். இளையவர்களுக்கென்று எஸ்.ஓ.எஸ். தனிப் பிரிவே வைத்திருக்கிறது, கோடையில் அவர்களுக்கும் கூடுகை உண்டு. ஆனால் ஜனவரிக்குப் பள்ளிக்கூடம் விடாது. பேத்தி வர வேண்டுமென்றால் ஜூலையில்தான் கூட்டிப்போக வேண்டும். ஜூலையில் அறை வாடகை பல மடங்கு. தவிர, அவள் ஆடுவதைவிட்டுக் கடலில் இறங்க வேண்டும் என்பாள்.

கூட்டிப்போகும் வழியில் கார்வர் ஸ்ட்ரீட்டுக்கு வண்டியைத் திருப்பலாம் என்று கிளப்பில் ஒரு தோழி சொல்லியிருக்கிறார். அவர் ஏற்கெனவே போய்வந்தவர். பேருந்து அமர்த்தி எல்லாருமாகப் போகலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போவதாகவும் சொல்கிறார். செலவுக் கணக்கைப் பொருளாளர்தான் போட வேண்டும்.